புத்தகத்தில் ஒட்டிய கடதாசி

போன வாரம் நம் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பழைய படத்தைப் போட்டிருந்தீர்கள். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, ஒரு மயிர்கூட இடம் மாறாத வகிடு. நம் விஞ்ஞான மாஸ்டர். கீழே 'எமக்கு அறிவொளி ஏற்றிய ஆசான்' என்று எழுதி, அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தும் கைகள் முடியவில்லை. அவருக்குப் பாராட்டு விழா எடுக்கிறீர்களாம். மலர் ஒன்றும் வெளியிடுகிறீர்களாம். ஆளுக்கொரு நினைவு எழுதித் தர வேண்டுமாம். என்னிடமும் கேட்டிருந்தீர்கள்.

எழுதுகிறேன். மலரில் போடுவதும் விடுவதும் உங்கள் பாடு. நமக்கெல்லாம் வயது அறுபதைத் தொட்டாயிற்று. ஒருவருக்குச் சீனி வருத்தம், ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு இரண்டும். இந்த வயதில் புதிதாகப் பொய் சொல்லப் பழக எனக்கு மனமில்லை.

மாஸ்டர் நம் பள்ளிக்கு வந்த ஆண்டின் மூன்றாம் தவணையைச் சொல்கிறேன். அந்த மழை உங்களுக்கு மறந்திருக்காது. கண்டிப் பக்கத்து நம் வத்தேகமவில் வெயில் என்ற ஒன்றே இல்லாமல் போன மாதங்கள். சீருடை காயாமல் அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கும். அதனால் வகுப்பு முழுக்கப் புகை மணம். வெண்கட்டி கரும்பலகையில் எழுதாமல் வழுக்கும். எங்கள் வீட்டில் உப்புப் போத்தலைத் திறந்தால் உப்பு கசிந்து கூழாக இருக்கும். நெருப்புப் பெட்டியை அம்மா இடுப்பில் செருகியே வைத்திருப்பார், இல்லாவிட்டால் குச்சி பற்றாது. காற்றைப் பிழிந்து கோப்பையில் பிடிக்கலாம் போலிருந்த அந்த நாட்களில்தான் மாஸ்டர் நிலைமின் பாடத்தை எடுத்தார். பாடத்திட்டத்தில் அந்த வாரத்துக்கு அதுதான் போட்டிருந்ததாம். சன்னலுக்கு வெளியே பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

அவரும் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன்தான். அதை மறைக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கண்டி டவுனில் அறை எடுத்துத் தங்கி, காலையில் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஊர் எது என்று கேட்டால் 'கண்டி' என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொள்வார். தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைகளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஏய், லயம்!" என்பார். தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பிராவில் பிறந்த பிள்ளைகளுக்கு அதுவே பெயர். அவர்களும் எழுந்து நிற்பார்கள்.

நமக்கு விஞ்ஞான கூடம் இருக்கவில்லை. அதிபரின் அறையில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலுமாரி இருந்தது, அவ்வளவுதான். அதற்குள்ளே பொன்னிலை மின்காட்டி ஒன்று. கண்ணாடிக் குடுவைக்குள் மெல்லிய பொன் தகடு இரண்டு தொங்க வேண்டும், மின் ஏற்றம் வந்தால் அவை விலகி நிற்க வேண்டும் என்று பிற்பாடு படித்தேன். நாம் பார்த்த குடுவையில் தகடு கழன்று அடியில் கிடந்தது. பக்கத்தில் பல்லி முட்டை. "தொட்டாப் பழுதாப் போயிரும்" என்று சொல்லி மாஸ்டர் அலுமாரித் திறப்பைத் தன் பையிலேயே வைத்திருந்தார். பழுதாகிக் கிடந்த ஒன்றை அவ்வளவு கவனமாகக் காவல் காத்த மனிதரை நான் வேறெங்கும் காணவில்லை.

மூன்றாம் வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவளை நீங்கள் மறந்திருப்பீர்கள். குழுவில் அவள் இல்லை. சேர்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவும் இல்லை. நான் அவளை என் வாங்குக்காரி என்றுதான் சொல்வேன். மேல் தோட்டத்திலிருந்து, தலையில் பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு, நனைந்த செருப்பைக் கையில் பிடித்தபடி இறங்கி வருவாள். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய கூந்தல். அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கப் போகுமுன் இருட்டோடு எழுந்து அதற்குத் தேங்காயெண்ணெய் ஊற்றி இறுக்கிப் பின்னிவிடுவார். முதல் பாடம் முடிவதற்குள் எண்ணெய் காதோரம் இறங்கிக் கழுத்துப் பட்டியை நனைக்கும். அந்த மணம் எனக்குப் பிடிக்கும்.

பாடத்தன்று மாஸ்டர் பையிலிருந்து பிளாஸ்டிக் சீப்பை எடுத்தார். கடதாசியைத் துணுக்குத் துணுக்காகக் கிழித்து மேசையில் பரப்பினார். முன்வாங்கிலிருந்த பேக்கரிக்காரர் மகனைக் கூப்பிட்டு அவன் தலையில் சீப்பை உரசிக் கடதாசிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் வேகமாக உரசினார். பையன் கண்ணில் தண்ணீர் வந்தது. கடதாசி கிடந்த இடத்திலேயே கிடந்தது.

மாஸ்டர் மூக்கைச் சுளித்தார்.

"என்ன வகுப்பு இது? எண்ணெச் செக்கு மாதிரி நாறுது. இந்த நாத்தத்துக்குள்ள இலத்திரன் எப்படி வரும்?"

முன்வாங்குகள் சிரித்தன. இலத்திரன் என்றால் என்னவென்று அவர்களுக்கும் தெரியாது. ஆனால் மூக்குள்ள ஏதோ ஒன்று என்று மட்டும் அன்று எல்லோரும் விளங்கிக்கொண்டோம்.

பிறகு கொப்பியை எடுக்கச் சொல்லி, மழைச் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்திச் சொல்ல ஆரம்பித்தார். "எழுதுங்க. அவதானம்: உரசப்பட்ட சீப்பினால் கடதாசித் துண்டுகள் கவரப்பட்டன. முடிவு: உரசும்போது இலத்திரன்கள் ஒரு பொருளிலிருந்து மற்றப் பொருளுக்கு இடம் மாறுவதால் சீப்பு ஏற்றம் பெறுகிறது."

தலைகள் குனிந்தன. பேனைகள் ஓடின. என் வாங்குக்காரி மட்டும் எழுந்து நின்றாள்.

"சேர், கடதாசி ஒட்டலைங்களே."

"என்ன?"

"ஒட்டலைங்க சேர். நாங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தோம்."

"புத்தகத்தில ஒட்டியிருக்கு. எழுது."

அவள் உட்கார்ந்து எழுதினாள். மாஸ்டர் வாங்குகளுக்கு நடுவே நடந்து வந்தவர், அவளருகில் நின்று கொப்பியை எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். 'கடதாசி ஒட்டவில்லை. ஏன் என்று தெரியவில்லை' என்று எழுதியிருந்தாள். அந்தத் தவணையில் அந்தப் பள்ளியில் எழுதப்பட்ட ஒரே விஞ்ஞான வாக்கியம் அதுதான். மாஸ்டர் கொப்பியைத் தூக்கிச் சன்னலுக்கு வெளியே எறிந்தார். அது மழைநீர் ஓடும் கானுக்குள் விழுந்தது. இடைவேளையில் அவள் போய் எடுத்துப் பாவாடையில் ஒற்றினாள். மை ஓடி, தாளும் தாளும் சேர்ந்துகொண்டன. அன்று உண்மையாகவே ஒட்டியது அவை மட்டும்தான்.

மறுநாளே எண்ணெய்த் தலைகள் எல்லாம் பின்வாங்குக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் பின்னால் போனார்கள், நானும் போனேன். நான் தோட்டமில்லை, டவுன்தான். எங்கள் அப்பா இரும்புக் கடையில் சாமான் நிறுத்துக் கொடுப்பவர். ஆனால் என் தலையும் மின்னியது.

அதன்பிறகு கல்வி அதிகாரி வரப்போகிறார் என்ற செய்தி வந்தது. வகுப்பில் உட்கார்ந்து பாடம் பார்ப்பாராம். மாஸ்டர் எந்தப் பாடத்தையும் காட்டியிருக்கலாம். தவளையின் வாழ்க்கை வட்டத்தைக் காட்டியிருந்தால் கான் நிறையத் தவளை கிடந்தது. அவர் சீப்பையே பிடித்துக்கொண்டார். தோற்றது தலைகளால்தான், தலைகளை மாற்றினால் சரியாகிவிடும் என்று நம்பினார்.

"அன்னைக்கு எல்லாரும் சவர்க்காரம் போட்டுத் தலை கழுவி, எண்ணெ படாம வரணும். ஏலாதவங்க வீட்ல நில்லுங்க." என் வாங்குக்காரியிடம் தனியாக, "நீ வரவே தேவையில்ல. உன் தலையைக் கழுவ ஒரு மூட்டை சவர்க்காரம் வேணும்" என்றார்.

அவள் சடையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு அதன் நுனியையே பார்த்தபடி இருந்தாள்.

எங்கள் வீட்டில் நான் போய்ச் சொன்னதும் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "மாஸ்டர் சொன்னா அதில ஒரு காரணம் இருக்கும். படிச்ச மனுசன்" என்றார். அது போதாதென்று, வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி, மாஸ்டரிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார். சீப்புப் பாடத்துக்கு ஒரு சீப்பு வாழைப்பழம். மாஸ்டர் வாங்கிக்கொண்டார், பழத்துக்கு அவரிடம் லயம், டவுன் என்ற பேதம் இருக்கவில்லை. அப்பா நல்ல மனிதர். காற்சட்டை மடிப்புக் கலையாதவர்களெல்லாம் அறிவாளிகள் என்று சாகும்வரை நம்பினார்.

அம்மா என் தலையைத் துணி துவைக்கிற சவர்க்காரத்தால் தேய்த்துக் கழுவினார். தலை, கூட்டுகிற தும்புத் தடி மாதிரி விறைத்து நின்றது. காலையில் வாசல்வரை அனுப்பிவிட்டு, திரும்பக் கூப்பிட்டார். "எண்ணெ வெக்காம பொம்பளப் புள்ளைய எப்படி வெளிய அனுப்புறது?" என்று உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நெற்றி ஓரத்தில் தடவிவிட்டார். அந்த இரண்டு சொட்டில் என் விஞ்ஞானம் முடிந்தது. மாஸ்டர் வாசலில் நின்று ஒவ்வொரு தலையாகக் குனிந்து மணந்து பார்த்து உள்ளே விட்டார். என்னை மணந்ததும், "வெளிய நில்லு" என்றார்.

அப்படி விறாந்தையில் நின்றவர்கள் நாங்கள் சிலர். தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வரவேயில்லை. வெறுமையான வாங்குகளை நிரப்ப மாஸ்டர் பக்கத்து வகுப்பிலிருந்து பிள்ளைகளைக் கடன் வாங்கியிருந்தார். அவர்களில் திகன டவுனில் துணிக்கடை வைத்திருந்த முதலாளியின் மகளும் ஒருத்தி. ஷம்பு போட்ட, பறக்கிற தலை. அவளை முன்வாங்கில் நடுவில் வைத்தார்.

அந்த நேரத்தில்தான் என் வாங்குக்காரி வந்தாள். கூட அவளுடைய அம்மா. கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற உடுப்பில் அவரைத் தூரத்தில் கண்டிருக்கிறேன். அன்று தேர்த் திருவிழாவுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, குடையைப் பிடித்தபடி வந்திருந்தார். மகளின் தலையில் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே எண்ணெய் மின்னியது.

"சேர், எம் புள்ள தலையில என்னாங்க கொற?"

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "கொற ஒண்டும் இல்லம்மா. இன்னைக்கு ஒரு விசேஷ பாடம். பெரிய ஆள் வாறார். நாளைக்கு அனுப்புங்க."

"விசேஷம்னா எம் புள்ளைக்கும் வேணுந்தானுங்களே."

"உங்களுக்கு இது விளங்காது. விஞ்ஞானம். எண்ணெத் தலையில வேலை செய்யாது."

அந்த அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். "ஒங்க தலையிலயும் எண்ணெதானுங்களே மின்னுது?"

மாஸ்டரின் கை தன் வகிட்டுக்குப் போனது.

"அது கிறீம்" என்றார் மாஸ்டர்.

அதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. மாஸ்டர் எங்களைப் பார்த்துக் கையை விசிறி, ஓரமாகப் போகச் சொல்லிவிட்டு ஓடினார். நாங்கள் சன்னலோரம் ஒதுங்கி நின்றோம். உள்ளே நடந்ததெல்லாம் எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது.

கல்வி அதிகாரி யாழ்ப்பாணத்தவர், தொப்பையும் கண்ணாடியுமாக இருந்தார். பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்தார். மாஸ்டர் இலத்திரனைப் பற்றி ஒரே மூச்சில் ஒப்புவித்துவிட்டு, முதலாளி மகளின் தலையில் சீப்பை உரசத் தொடங்கினார். தகரக் கூரையில் மழை கொட்டியது. உரசினார், கடதாசியிடம் கொண்டுபோனார். உரசினார், கொண்டுபோனார். அந்தப் பிள்ளை கடைசியில், "சேர், எனக்கு ஏலா, தல நோவுது" என்று அழுதுவிட்டது. கடதாசி அசையவில்லை.

அதிகாரி எழுந்து வந்தார். "இங்க தாரும்" என்று சீப்பை வாங்கி, தன் காதோரம் மிச்சமிருந்த கொஞ்ச மயிரில் உரசினார். அதற்கும் அசையவில்லை. படித்த மனிதர் இருவர், ஒரு சீப்பு, வெளியே அடைமழை. மழையையும் கடதாசியையும் சேர்த்து நினைத்துப் பார்க்க இருவருக்கும் முடியவில்லை.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு வகுப்பைப் பார்த்தார். "என்ன பிள்ளையள், போன முறை செய்யேக்க ஒட்டினதோ?"

"ஓம் சேர், ஒட்டிச்சு!"

எவ்வளவு உரத்த குரல் உங்களுக்கெல்லாம்! அதற்குப் பிறகு அப்படி ஒருமித்த குரலை நான் தேர்தல் மேடைகளில்தான் கேட்டிருக்கிறேன். பக்கத்து வகுப்பிலிருந்து கடன் வாங்கிய பிள்ளைகள்கூடக் கத்தினார்கள். அவர்கள் அன்றைக்கு முன்னர் அந்தப் பாடத்தைக் கண்டதேயில்லை.

"ஒட்டல!" என்று என் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். என் வாங்குக்காரி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அன்னைக்கும் ஒட்டல!"

அதிகாரி திரும்பினார். "ஆர் அது?"

"அது நம்ம வகுப்புப் பிள்ளை இல்ல சேர்" என்றார் மாஸ்டர். "தோட்டத்து ஆக்கள். கன்ரீனுக்கு விறகு கொண்டு வந்தவங்க."

தேர்ச் சேலை கட்டிக்கொண்டு விறகு கொண்டு வந்தவர்கள்!

அந்த அம்மா குடையை விறாந்தையில் சாத்தினார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குள் நடந்தார். மூன்றாம் வாங்குக்குப் போய், அங்கே இருந்த கடன் பிள்ளையிடம், "தள்ளிக்கம்மா" என்றார். மகளை உட்கார வைத்தார். பிறகு அதிகாரியிடம் திரும்பினார்.

"ஐயா, இது இவ எடம். வருசம் பூரா இங்கதான் இருந்தா. போன கெழமதான் பின்னுக்குத் தள்ளுனாங்க. இந்தப் புள்ளைங்ககிட்டயே கேளுங்க."

அதிகாரி கேட்கத்தான் செய்தார். "இந்தப் பிள்ளை உங்கட வகுப்போ?"

சற்று முன் கூரையைத் தூக்கிய குரல்கள் எங்கே போயின? மழை மட்டும் கேட்டது. பேக்கரிக்காரர் மகன் தன் மேசையில் ஏதோ அழிப்பதுபோல் குனிந்துகொண்டான். அவன்தான் இப்போது விழாக்குழுத் தலைவர். சன்னலில் நின்று நான், "எங்க வகுப்புதான் சேர்" என்று கத்தினேன். என் தலையிலும் எண்ணெய் இருந்ததாலோ என்னவோ, அது எடுபடவில்லை.

அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். "சரி, சரி. பிறகு கதைப்பம். அதிபர் தேத்தண்ணி ஆறுது எண்டவர்." போய்விட்டார். அதிபரின் அறையில் றோல்சும் வாழைப்பழமும் வைத்திருந்தார்கள். அந்தப் பழம் எங்கள் அப்பா வாங்கியதாகக்கூட இருக்கலாம். வகுப்பு மிகத் திறமானது, ஆசிரியர் உற்சாகமானவர் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறியதாக அன்று பின்னேரம் மாஸ்டரே வந்து நமக்கு அறிவித்தார். நீங்கள் கைதட்டினீர்கள்.

அந்த அம்மா அதிகாரி சாப்பிட்டு முடியும்வரை வெளியே காத்து நின்றார். 'பிறகு கதைப்பம்' என்ற அதிகாரி கதைக்காமலே போய்விட்டார். பிறகு அந்த அம்மா அதிபரிடம் போய், மகளை வேறு பள்ளிக்கு மாற்ற விடுகைப் பத்திரம் கேட்டார். அதிபர், 'ஏன் அம்மா, யோசிச்சுச் செய்யுங்க' என்ற ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. உடனே எழுதிக் கொடுத்தார். அவ்வளவு விரைவாக அந்த அலுவலகத்தில் வேறெதுவும் நடந்து நான் கண்டதில்லை. தாயும் மகளும் ஒரே குடைக்குள் வாசலைத் தாண்டிப் போனார்கள். அடுத்த கிழமை மாஸ்டர் காந்தவியலைத் தொடங்கினார். என் வாங்கில் பக்கத்து இடம் அந்தத் தவணை முடியும்வரை வெறுமையாகவே இருந்தது. மாஸ்டர் கண்டி டவுன் பள்ளிக்கு மாற்றமாகி, பிறகு கல்வி அதிகாரியாகவும் ஆனார். ஆகாமல் எப்படி?

என் மகன் பள்ளிக்குப் போன காலத்தில் அவனுடைய விஞ்ஞானப் புத்தகத்தைப் புரட்டினேன். அதே சீப்பு, அதே கடதாசி. படத்துக்குக் கீழே, உலர்ந்த காலநிலையில் செய்து பார்க்கவும் என்று போட்டிருந்தது. ஈரக் காற்றில் சீப்பின் மேல் நீர் படிந்து, வந்த ஏற்றம் வந்த வேகத்திலேயே கசிந்து போய்விடுமாம். எண்ணெயும் கொஞ்சம் கெடுக்கும்தான். ஆனால் அந்த மழையில் எந்தத் தலையைக் கொண்டுவந்திருந்தாலும் ஒட்டியிருக்காது. தை மாதத்து வெயிலில் ஒருநாள் செய்திருந்தால் நாமும் பார்த்திருப்போம். ஒரு பிள்ளை இடம் இழந்திருக்க மாட்டாள்.

சில வருடங்களுக்கு முன் கண்டி பஸ் நிலையத்தில் ஒரு பெண் என் தோளைத் தட்டினாள். சடையைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டேன், நரைத்திருந்தாலும் அதே தடிப்பு. கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துப் பள்ளியொன்றில் சேர்ந்து சாதாரண தரப் பரீட்சைவரை படித்தாளாம். பிறகு கல்யாணம், பிள்ளைகள், நீண்ட காலம் குவைத்தில் வீட்டு வேலை.

"அங்க காத்து காஞ்சு கெடக்கும்டி. கதவப் புடிச்சா பட்டுனு ஷாக் அடிக்கும். சீப்ப எடுத்தாப் போதும், முடி எல்லாம் எந்திரிச்சு நிக்கும். எண்ணெ வெச்சுத்தான் அடக்குவேன்."

"அப்ப மாஸ்டர் ஞாபகம் வந்துச்சா?" என்று ஆவலோடு கேட்டேன்.

"எந்த மாஸ்டர்?"

நான் சொன்னேன். சீப்பு, கடதாசி, கிறீம், அதிகாரி எல்லாம் சொன்னேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். பெயரையும் சொன்னேன். தலையை ஆட்டினாள், நினைவு வரவில்லை. இத்தனை வருடம் நான் கோபத்தோடு சுமந்து திரிந்த மனிதருக்கு அவள் மனதில் ஒரு வாங்கு நுனிகூட இருக்கவில்லை. சட்டென்று அவள் முகம் மலர்ந்தது.

"ஆங், அந்த நாளா! அன்னைக்குத்தான் அம்மா என்னையக் கண்டிக்குக் கூட்டிட்டுப் போச்சு. எறங்கி வந்தாச்சு, நல்ல சேலையும் கட்டியாச்சு, வீட்டுக்குப் போயி என்னா பண்றதுன்னு சொல்லி பஸ் ஏத்திருச்சு. வாளியால கொட்டுற மாதிரி மழை. வாவிக்கர ஓரமா ஒரே கொடைக்குள்ள நடந்தோம். ஐஸ்கிரீம் வேணும்னேன். இந்தக் குளிர்லயான்னு ஏசிட்டு, ரெண்டு வாங்குச்சு. அம்மா அதுக்கு முன்னாடி ஐஸ்கிரீம் தின்னதே இல்லடி. ஒரு கடி கடிச்சிட்டுப் பல்லு கூசி, வாயப் பொத்திக்கிட்டு, ரோட்டுல நின்னு சிரிக்குது, சிரிக்குது, நிறுத்தவே இல்ல."